அடியில் தார் பூசாத தொட்டி

நான் பொய் சொன்னேன். ஒரு மனிதனின் விரலில் கிடந்த இரும்பு மோதிரத்தைக் காட்டி, “இதனால்தான் எல்லாம் கெட்டது” என்று பத்துப் பேர் நடுவே சொன்னேன். அதனால் கெடவில்லை என்பது எனக்குத் தெரியும். எதனால் கெட்டது என்பதும் தெரியும். கெடுத்தவன் நான்!

அந்தப் பொய்யின் மேல்தான் என் உருக்காலை நிற்கிறது.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் சொல்கிறாய் என்கிறீர்களா? நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். ‘ஒன்றுமில்லாமல் தொடங்கி உயர்ந்தது எப்படி?’ என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி வீடு தேடி வந்து கேட்டீர்கள். உழைப்பால் உயர்ந்த உத்தமர், இரும்பு வேந்தர்... எத்தனை பட்டங்கள்! வேலூர் முதல் ஆம்பூர் வரை சுவருக்குச் சுவர் என் முகத்தை ஒட்டினீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, உங்களுக்கு எப்படிப் பிடித்தது?

கதை வேண்டும் என்றீர்கள் அல்லவா! இதோ கதை. பாதியில் மூடி வைத்துவிடாதீர்கள்.

நான் மாதனூர்ப் பக்கத்துக் கொல்லன் மகன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன். ஆம்பூரில் கரீம் பாய் என்பவரின் தோல் தொழிற்சாலையில் சவ்வு சீவும் கத்திகளுக்குச் சாணை பிடிக்கச் சேர்ந்தேன். பாய் முரட்டு மனிதர். கத்தி மழுங்கியிருந்தால் அதைத் தூக்கி என் காலடியில் எறிவார். வேலை பிடித்திருந்தால் தம் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவார். இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தோல் ஊரில் இரும்புக்காரனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்நாளில் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுத்தான் பதனிடுவார்கள். அந்தச் சாறும் இரும்பும் சேரக் கூடாது. சேர்ந்தால் தோல் கறுத்துப் போகும். சந்தன நிறத்தில் வரவேண்டிய தோலில் மைக்கறை திட்டுத் திட்டாக விழுந்துவிடும். கழுவினாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. அந்தத் தோலைச் சென்னைப் பெரியமேட்டு வியாபாரிகள் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஆகையால் பட்டைக் குழிகள் இருக்கும் முற்றத்துக்குள் இரும்பு நுழையக் கூடாது என்பது சட்டம். வாளி மரத்தில், கொக்கி பித்தளையில். வேலைக்கு வருகிறவன் சாவியையும் பேனாக்கத்தியையும் வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். கத்திக் கொட்டகையோடு என் எல்லை முடிந்தது. குழி முற்றத்துக்கு நான் போகவேண்டுமென்றால் கையைக் கழுவிக்கொண்டு போகவேண்டும். அந்த அவமானத்தில்தான் நான் வளர்ந்தேன். ‘ஒருநாள் இந்த ஊரே இரும்பைக் கும்பிட வேண்டும்’ என்று மனத்துக்குள் கறுவிக்கொள்வேன். கும்பிட வைத்துவிட்டேன், பார்த்தீர்களா!

அந்த முற்றத்தின் மேஸ்திரி மாசிலாமணி. என் வயதுக்காரன். எனக்கு ஊரில் இருந்த ஒரே தோழன். “டேய் தொர!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவான். துரைசாமி என்ற என் பெயரை அவ்வளவு உரிமையோடு சுருக்கிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். சாற்றில் விரலை விட்டு நாக்கில் தொட்டுப் பார்த்து, “இன்னும் ரெண்டு கூடை பட்ட போடு” என்பான். அவன் சொன்னால் பாய் மறுபேச்சுப் பேசமாட்டார்.

மாசிலாமணிக்கும் அவன் மனைவி கன்னியம்மாளுக்கும் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது யாரோ சொன்னார்களாம், கருங்குதிரையின் லாடத்து இரும்பில் மோதிரம் செய்து தகப்பன் போட்டுக்கொண்டால் குழந்தை தங்கும் என்று. அவன் என்னிடம் வந்தான். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெகுநேரம் சாணைக்கல்லைத் தடவிக்கொண்டே நின்றான்.

நான் வேலூருக்குப் போனேன். ஜட்கா வண்டிகள் நிற்குமிடத்தில் கறுப்புக் குதிரையாகப் பார்த்து, வண்டிக்காரனைக் கெஞ்சி, தேய்ந்த லாடம் ஒன்றை வாங்கி வந்தேன். உலையில் காய்ச்சி, தட்டி, வளைத்து, மணலில் தேய்த்து மெருகேற்றினேன். கூலி வாங்கவில்லை. என் வாழ்நாளில் நான் கூலி வாங்காமல் செய்த பொருள் அது ஒன்றுதான்.

குழந்தை பிறந்தது. பெண். “இவ நடக்கற வரிக்கும் இத்தக் கழட்டக் கூடாது” என்று கன்னியம்மாள் தன் கையாலேயே கணவனின் விரலில் போட்டுவிட்டாள். அப்போதுதான் சிக்கல் வந்தது. இரும்போடு எப்படிக் குழி முற்றத்துக்குள் போவது? கழற்றி மாடத்தில் வைத்தால் மனைவிக்குச் செய்த சத்தியம் போய்விடும்...

யோசனை சொன்னவன் நான். “மெழுகுல தோச்ச துணிய இறுக்கிச் சுத்திக்கோடா. தண்ணி எறங்காது, சாறு படாது. ஒண்ணும் ஆவாது.” கேட்டீர்களா? நான்தான் சொன்னேன். கொல்லன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டான். விரலில் காயம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டான்.

உலகப்போர் முடிந்திருந்த காலம் அது. பட்டாளத்துச் சாமான்களை அங்கங்கே ஏலம் விட்டார்கள். நான் கையிலிருந்ததைப் போட்டுப் பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை எடுத்து வந்தேன். குழிகளுக்கு மாடு பூட்டிய கவலையில் நீர் இறைத்து மாளாமல் பாய் தவித்துக்கொண்டிருந்த நேரம். உயரத்தில் தொட்டி கட்டினால் திறந்த மாத்திரத்தில் தண்ணீர் வரும்.

பாய் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இரும்பா? இன்னாப்பா இது, என் குழியெல்லாம் கறுப்பாக்கப் பாக்கிறியா?”

“உள்ளாற ரெண்டு பூச்சு தார் போட்டுடறேன் பாய். தண்ணி இரும்ப மூஞ்சில கூட பாக்காது.”

“உன் பேச்ச நம்பித்தான் வுடறேன். என்னைப் பேஜார்ல மாட்டி வெச்சுடாத.”

என் பேச்சை நம்பினார்! அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தொட்டியைத் தூணின் மேல் ஏற்றியாயிற்று. உள்ளே இறங்கிப் பக்கச் சுவர்களுக்கு இரண்டு பூச்சும் போட்டேன். அடிப்பகுதிதான் பாக்கி. மறுநாள் அடியைச் சுரண்டி, துருவை நீக்கி, உலர வைத்துப் பூசவேண்டும். அன்று மாலை ஒருவன் வந்து காதைக் கடித்தான். அரக்கோணத்துப் பக்கம் பழைய தண்டவாளம் மலைபோல் கிடக்கிறதாம், விடிந்தால் ஏலமாம், போட்டிக்கு ஆளே இல்லையாம்.

ரயில் புறப்பட இன்னும் சிறிது நேரம்தான் இருந்தது. நான் தொட்டியிலிருந்து இறங்கினேன். “முடிஞ்சிடுச்சு பாய், தண்ணி ஏத்துங்க” என்றேன்.

இதில் எங்கே குற்றம் என்று கேட்பீர்கள். அவசரம்தானே, திரும்பி வந்து பூசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான் என்பீர்கள். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திரும்பி வந்து பூசினேனா? தண்டவாளம் எனக்கு விழுந்தது. அதை விற்க அலைந்தேன். விற்றதில் ருசி கண்டேன். அடுத்த ஏலம், அதற்கடுத்த ஏலம்... தொட்டியின் அடி மறந்துபோய்விட்டது என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை! ஒவ்வொரு தடவை அந்தத் தெரு வழியாகப் போகும்போதும் தொட்டியை அண்ணாந்து பார்த்தேன். தொட்டியை வடிக்கச் சொன்னால், நான் வேலையைப் பாதியில் விட்டுப்போனது பாய்க்குத் தெரிந்துவிடுமே என்று பேசாமல் நடந்தேன்.

தண்ணீர் துருவைக் கரைத்துக்கொண்டு குழி குழியாக இறங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாய் ஆள் அனுப்பினார். போனேன். முற்றத்தில் தோல்களை விரித்துப் போட்டிருந்தார்கள். அத்தனையும் கறுப்பு! மாசிலாமணி நடுவே உட்கார்ந்து ஒரு தோலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். போகாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சுரண்டினான்.

பாய் என்னைப் பார்த்ததும், “மொதல்ல உன் தொட்டியப் பாரு” என்றார். அந்தச் சரக்கு முழுவதுக்கும் பெரியமேட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அது போனால் தொழிற்சாலையே போய்விடும்.

நான் ஏறினேன். கையை விட்டேன். அடியிலிருந்து செம்பழுப்பாகச் சேறு வந்தது. மேலே ஏறி வர மற்றவர்களுக்கு அப்போது தோன்றவில்லை. நான் கையை வேட்டியின் உட்புறத்தில் துடைத்துக்கொண்டேன். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ‘தப்பு என்னுடையது பாய்’ என்ற மூன்று சொல்... ஏன் சொல்லவில்லை? அடித்துக் கொன்றுவிடுவாரா? இல்லை. ஊரில் இந்த இரும்புக்காரனுக்கு இனி எந்த வேலையும் வராது, ஏலத்துக்குப் பணம் புரட்டித் தருகிறவன் தரமாட்டான். அவ்வளவுதான்! அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு மலையாகத் தெரிந்தது.

“தண்ணிய வடிச்சிட்டுத்தான் பாக்கணும் பாய். நீங்க தொழுகைக்குப் போய்ட்டு வாங்க. நான் பாத்து வெக்கறேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம். பாயும் பாதி ஆட்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் சாப்பிடப் போனார்கள். மாசிலாமணியையும் நானே விரட்டினேன். “போடா, பச்சப்புள்ளக்காரி காத்துகினு இருப்பா.” தொட்டியைத் திறந்துவிட்டேன். துருத்தண்ணீர் சந்துக் கால்வாயில் விழுந்து, பட்டைக் கழிவோடு கலந்து கறுத்து ஓடியது. உச்சி வெயில் தொட்டியின் அடியை உலர்த்தித் தந்தது. காய்ச்சிய தாரை ஏற்றி, மூலை முடுக்கு விடாமல் பூசினேன். அன்றைக்கு நான் பூசிய நேர்த்தியை முதலில் பூசியிருந்தால்...! சாயங்காலத்துக்குள் தார் இறுகிவிட்டது.

“தொட்டி சுத்தமா கீது பாய். எதுக்கும் இருக்கட்டும்னு பழைய பூச்சு மேல இன்னொரு பூச்சு போட்டேன். யாரானா ஏறிப் பாருங்க.”

மாசிலாமணி ஏறினான். கையால் தடவிப் பார்த்தான். “ஆமாம் பாய், அடி முச்சூடும் தார் கீது” என்று மேலிருந்து சொன்னான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்தான், பாவி! அப்படியானால் இரும்பு எங்கிருந்து வந்தது?

பாய் ஒவ்வொருவரையும் நிற்க வைத்துச் சோதனை போட்டார். மாசிலாமணியின் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கச் சொன்னார். மோதிரம் வெளியே வந்தது.

பாய் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீயா மாசிலாமணி?” என்றார்.

“மெழுகு சுத்திக்கீறேன் பாய். சாறு படல. சத்தியமா படல. கொழந்தைக்காவப் போட்டுகினது.”

பாய் என் பக்கம் திரும்பினார். “தொரசாமி, நீ இரும்புக்காரன். நீ சொல்லு. இத்துனூண்டு மோதிரம் இத்தினி தோலக் கெடுக்குமா?”

மாசிலாமணி என்னைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. சரியான ஆளிடம் கேட்டுவிட்டார்கள் என்ற தெளிவு! மோதிரம் செய்தவன், மெழுகு யோசனை சொன்னவன், தோழன்... இவன் சொல்லிவிடுவான், முடிந்தது பிரச்சனை என்று அவன் சிரிக்கக்கூடத் தொடங்கினான்.

நான் சொன்னேன்: “கெடுக்கும் பாய். இது சாதா இரும்பு இல்ல, லாடத்து இரும்பு. குதிர கால்ல தேஞ்சி தேஞ்சி ஊறிப்போனது. ஒரு குழில எறங்குனா எல்லாக் குழியும் புடிச்சிக்கும்.”

எவ்வளவு பெரிய பிதற்றல்! லாடத்து இரும்பாவது, ஊறுவதாவது! ஆனால் லாடத்துக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று அங்கே நின்ற அத்தனை பேரும் முன்பே நம்பியவர்கள். குழந்தையைக் காக்கும் சக்தி உள்ள இரும்புக்குத் தோலைக் கெடுக்கும் சக்தி இருக்காதா? அதுவும் கொல்லன் வாயாலேயே வந்துவிட்டது. ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை.

அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. என்னைத் திட்டுவான், என் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் விரலைப் பார்த்தான். எனக்கு மட்டும் கேட்கும்படி, “டேய் தொர... மெழுகு சுத்துனா ஆவாதுன்னியேடா?” என்றான்.

“வேர்வைல மெழுகு வுட்டுப் போய்ட்டிருக்கும்டா.”

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை? அதைத் தெளிவாக, யோசித்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னேன். என்னைக் காறித் துப்ப வேண்டுமென்றால் இந்த இடத்தில் துப்புங்கள்.

அவன் நம்பிவிட்டான். ‘இல்லை’ என்று சாதித்திருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருக்கும். தானே கெடுத்தேன் என்று மனதார நம்பினான். மோதிரம் விரலில் இறுகியிருந்தது. சவுக்காரம் போட்டு வழுக்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கன்னியம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ண்ணா, மோதிரம் இல்லாம எம் பொண்ணு தங்குமா?” தங்கும் என்றேன். தங்கிற்று. அதிலும் என் பங்கு ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததுதான் நீங்கள் மேடையில் பேசுகிற வரலாறு.

பெரியமேட்டில் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். தொழிற்சாலை மூடியது. தண்டவாளத்தில் வந்த காசைக் கொண்டு நான் ஒரு கொட்டகை போட்டுப் பழைய இரும்பைக் காய்ச்சி உருட்டிக் கம்பியாக்கினேன். சுதந்திரம் வந்த புதிது. பள்ளிக்கூடம், பாலம், அணை என்று நாடெங்கும் கட்டினார்கள். கம்பிக்கு அடிதடி. பர்மிட்டுக்காகச் சென்னையில் அலுவலக வராந்தாக்களில் கிடந்தேன். உலைச் சூட்டில் புருவம் பொசுங்க நின்றேன். உழைத்தேன், அதை யாரும் மறுக்க முடியாது! ஆனால் உழைத்தவன் நான் ஒருவன்தானா? மாசிலாமணி உழைக்கவில்லையா? அவனுக்கு ஏன் சுவரொட்டி இல்லை?

ஆலையைப் பெரிதாக்க ரயில் பாதையை ஒட்டி இடம் தேவைப்பட்டது. பாயின் இடம் அப்படிப்பட்டது. கேட்டேன், கொடுத்துவிட்டார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். “நல்ல எடம் தோஸ்த். உனக்காச்சும் ராசியா இருக்கட்டும்.” பிறகு வாணியம்பாடியில் மகள் வீட்டோடு போயிருந்து அங்கேயே இறந்தார். நான் பெரிய மாலையாகக் கொண்டுபோனேன். அவர்கள் வழக்கத்தில் மாலை இல்லை என்பதுகூட எனக்கு நினைவில்லை. வெளியே செருப்புகளின் பக்கத்தில் அதை வைத்துவிட்டு நின்றேன்.

குழிகளைத் தூர்த்தேன். தொட்டியை மட்டும் விட்டுவைத்தேன். உருக்கு உலை வைத்தபோது, முதல் காய்ச்சலில் அந்த லாட மோதிரத்தையும் தூக்கிப் போட்டேன். அது கம்பியாகி எங்கே போயிற்றோ! உங்களில் யாருடைய வீட்டுத் தளத்திலோ இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாசிலாமணிக்கு ஊர் வைத்த பெயர் ‘கருங்குழி’. அவனால் வேலை போனது என்று நம்பிய குடும்பங்கள் ஒரே தெருவில் இருந்தன. கிணற்றடியில் கன்னியம்மாளின் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். கூடப் பிறந்த அண்ணனே பேச்சை நிறுத்தினான். வேறு எந்தத் தோல் தொழிற்சாலையும் அவனை வாசலுக்குள் விடவில்லை. அவன் மகள் அஞ்சலையைப் பள்ளிக்கூடத்தில் ‘கருங்குழி பொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் என் ஆலை வாசலில் வந்து நின்றான். துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். “மொதலாளி” என்றான்.

மொதலாளி! ‘டேய் தொர’ என்று கூப்பிடுடா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலே கணக்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டேன். உடனே ஊர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஒரு தொழிற்சாலையையே அழித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு! அஞ்சலையின் கல்யாணம் அந்தப் பெயரால் தட்டிக்கொண்டே போனது. நான் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், முடிந்தது. அதற்கும் ஒரு சுற்றுப் புகழ்ச்சி. திருடிய வீட்டுக்கே காவல்காரனாக இருந்து சம்பளமும் வாங்கினேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். மாசிலாமணி இரும்பை வெறும் கையால் தொடமாட்டான். என் ஆலையின் வாசல் கதவு இரும்பு. அவன் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அதைத் தள்ளித் திறப்பான். ஏன் என்று புதிய ஆள் ஒருவன் கேட்டபோது, “என் கைக்கு இரும்பு ஆவாதுப்பா. பட்டா எதுனா கெட்டுப்போய்டும்” என்றான். காரில் உட்கார்ந்தபடி அதை நான் கேட்டேன். தினமும் காலையிலும் மாலையிலும் அந்தத் துண்டைப் பார்க்கிறேன்.

போன மாதம் நீங்கள் எனக்குப் பாராட்டு விழா வைத்தீர்கள். ‘முதலாளியின் கருணையைப் பற்றி உங்கள் வாசல் காவலர் மாசிலாமணியைப் பேச வைக்கப் போகிறோம்’ என்று பூரித்துக்கொண்டு சொன்னீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் ஆட்கள் உள்ளே போனபின், அவன் காவல் கூண்டுக்குப் போனேன். அவன் பதறி எழுந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இருவரும் நின்றுகொண்டே பேசினோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, அரக்கோணத்து ரயில், துரு, எல்லாவற்றையும்.

அவன் சிரித்தான்! “தொட்டியா? நான்தான ஏறிப் பாத்தேன் மொதலாளி. கைய வுட்டுத் தடவிப் பாத்தேன். அடி முச்சூடும் தார் இருந்துச்சே.”

“அது அன்னிக்குப் பூசினதுடா! நீங்கள்லாம் சாப்டப் போனப்ப பூசினேன்.”

“பழைய பூச்சு மேல இன்னொரு பூச்சுன்னு நீங்கதான சொன்னீங்க.”

“பொய்டா அது! எல்லாம் பொய்! லாடத்து இரும்பு ஊறும்னது, மெழுகு வுட்டுப்போச்சுன்னது... ஒண்ணுமே நெசம் இல்ல!”

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். என் மீது எவரும் அப்படி இரக்கப்பட்டதில்லை. “உங்களுக்கு மனசு ரொம்ப எளகிப்போச்சு மொதலாளி. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. வேணாம். நான் பண்ணத நான் எப்பவோ ஏத்துக்கினேன். மழ வர்ற மாதிரி கீது, நீங்க வூட்டுக்குப் போங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஆம், அவன் மேல்! முட்டாள், முட்டாள் என்று கத்தினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் அசையாமல் பொறுத்துக்கொண்டு நின்றான். நான் பார்த்துப் பார்த்துப் பூசிய தார்! அவன் கண்ணும் கையும் அதற்குச் சாட்சி. என் வாய்ச்சொல்லால் அதைச் சுரண்ட முடியவில்லை.

காரில் வந்து உட்கார்ந்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! ‘சொல்லிவிட்டேன், அவன் ஏற்கவில்லை, இனி நான் என்ன செய்ய?’ என்ற நிம்மதி. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விழா நாள். மைதானம் நிரம்பி வழிந்தது. மாசிலாமணியைப் புதுச்சட்டை போட்டு மேடையில் ஏற்றினீர்கள். மைக்கின் கம்பியைத் தொடாமல் எட்ட நின்று பேசினான்.

“நான் கருங்குழி மாசிலாமணி. எல்லாருக்கும் தெரியும்” என்று தொடங்கினான். கூட்டம் சிரித்தது. “எங்க மொதலாளி மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல. முந்தாநேத்து என் கூண்டுக்கு வந்து, ‘தப்பு உன்னுது இல்லடா, என்னுது’ன்னாரு. என் பாவத்தத் தன் தலைல போட்டுக்கப் பாத்தாரு! சொன்னதோட வுட்டாரா, என்னை நம்ப வெக்க அப்படிக் கத்தினாரு! இந்த மனசு யாருக்கு வரும்?”

அழுதான். நீங்களும் அழுதீர்கள். பிறகு கைதட்டினீர்கள். எழுந்து நின்று தட்டினீர்கள். முன் வரிசையில் கன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அஞ்சலை தன் குழந்தையை என் பக்கம் திருப்பி, கையைக் குவித்துக் கும்பிட வைத்தாள்.

அடுத்து என்னைப் பேச அழைத்தீர்கள். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. ஊர் முழுவதும் எதிரே இருந்தது. கூண்டில் நான் அவனிடம் சொன்னது அப்படியே உண்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்பாவிட்டாலும் ஊர் நம்பியிருக்குமே! அவன் தலையிலிருந்து அந்தப் பெயர் இறங்கியிருக்குமே!

நான் கைகூப்பினேன். “எல்லாருக்கும் நன்றி” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இளவயதில் பயம் என்றேன், சரி. இப்போது எதற்குப் பயந்தேன்? இழக்க என்ன இருக்கிறது? அந்தக் கைதட்டல் இருந்தது... அது எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு கேவலமானவன் நான்!

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அச்சில் போடுங்கள். போடமாட்டீர்கள் என்று தெரியும். போட்டாலும், ‘இந்த வயதில் இப்படி மனம் திறக்கிறாரே’ என்று ஒரு பட்டம் சேர்த்துக் கொடுப்பீர்கள். மாசிலாமணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் திரும்பவும் அழுவான், என்னைப் புகழ்ந்து.

விடிந்தால் ஆலைக்குப் போகவேண்டும். கார் வாசலுக்கு வந்ததும் அவன் எழுந்து வருவான். “வணக்கம் மொதலாளி” என்பான். துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறப்பான். நான் உள்ளே போவேன்.